கடலில் இருப்பவர் நோட்டில் ஒரு பெயர்

புன்னக்காயலில் யாரிடம் வழி கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். கபிரியேல் மச்சாது மட்டும் நீட்டமாட்டார். ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திக் கேட்டால், "நேரா போனா மாதா குருசடி வரும், அங்கன இடது பக்கம் திரும்பி பைய போங்க" என்று வாயால் முழுசும் சொல்வார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடியே இருக்கும். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த புதிதில், நாலு நாடு பார்த்த மனுஷர் ஆயிற்றே என்று அவரைக் கால்பந்துப் போட்டிக்கு ரெப்ரீயாக நிறுத்தினார்கள். விசிலை நன்றாகத்தான் ஊதினார். எந்தப் பக்கத்துக்கு என்று கையைக் காட்டவில்லை. இரண்டு அணியும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டதுதான் மிச்சம். அதோடு அவரை விட்டுவிட்டார்கள்.

சிரிக்கிற விஷயம் இல்லை அது. ஆனால் காரணம் தெரியாத ஊர் சிரிக்காமல் வேறு என்ன செய்யும்?

அவருடைய வீட்டுக்கு ஊரில் காப்பிரியா வீடு என்று பெயர். ஆப்பிரிக்காக் கறுப்பரைக் கடற்கரையில் காப்பிரி என்பார்கள். இந்தக் கரையில் கறுப்பில்லாதவன் யார்? வெயிலிலும் உப்பிலும் கிடக்கிற சனம். ஆனாலும் கறுப்புக்குள்ளேயே ஒரு தராசு வைத்து நிறுத்துப் பார்க்காவிட்டால் நம்மவர்களுக்குச் சோறு இறங்காது. மச்சாது வீட்டு ஆட்களுக்குத் தலையோடு ஒட்டிச் சுருண்ட முடி. பறங்கிக்காரன் கப்பலில் அடிமையாக வந்த ஒருவன் இங்கே தங்கிவிட்டான், அவன் வழி வந்த வீடு இது என்று ஒரு பேச்சு. எந்த ஏட்டிலும் இல்லை, எந்தக் கல்லறையிலும் இல்லை, பேச்சில் மட்டும் உண்டு. அந்தப் பேச்சால் கபிரியேலின் அக்காவுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. அம்மா அவர் தலையில் எண்ணெயை வழிய வழிய ஊற்றிச் சீப்பு ஒடியும்வரை இழுத்துச் சீவுவாள். "ஏலே காப்பிரி" என்று கூப்பிட்ட வகையில் பள்ளிக்கூடத்தில் மூன்று பேருக்குப் பல் ஆடியது. அறுபத்தொரு வயதிலும் அந்தச் சொல் காதில் விழுந்தால் அவருக்கு முகம் சுண்டிவிடும்.

அந்த ஊர்க் கோயிலில் இரண்டு நோட்டுகள் உண்டு. ஒன்று இறந்தவர் நோட்டு. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று, கல்லறைத் தோட்டத்தில் நின்று வீடு வீடாக வாசிப்பார்கள். மற்றது கடலில் இருப்பவர் நோட்டு. கப்பலுக்கும் தோணிக்கும் போயிருக்கிறவர்களின் பெயர்களை ஞாயிறு தோறும் பூசை முடிவில் உபதேசியார் வாசிப்பார். திரும்பி வந்தவர் தன் பெயரைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும். திரும்பாதவரின் பெயரை வீட்டார் சம்மதம் இல்லாமல் யாரும் இந்த நோட்டிலிருந்து அந்த நோட்டுக்கு மாற்ற முடியாது. உயிரோடு இருக்கிறவனை இறந்தவர் நோட்டில் எழுதினால் அவனைக் கொன்றதற்குச் சமம் என்று இந்தச் சனம் நம்புகிறது. எத்தனையோ சாமியார்கள் பிரசங்கம் வைத்துப் பார்த்தார்கள். நம்பிக்கை அப்படியேதான் இருக்கிறது.

கபிரியேலின் மனைவி இஞ்ஞாசியம்மாளின் தம்பி தொபியாஸ், 1996-இல் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப்போன தோணியில் போனவன். தோணியும் வரவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அவர்களுடைய தாய் சாகும்வரை மகனை மாற்றி எழுத விடவில்லை. தாய்க்குப் பிறகு இஞ்ஞாசியம்மாள் தம்பி பெயரை மச்சாது வீட்டின் கீழ் எழுதவைத்து, அந்தக் காவலை எடுத்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷமாக ஞாயிறு தோறும் தொபியாஸ் கடலில் இருக்கிறான்.

கபிரியேலுக்கும் ஒரு பெயர் இருந்தது. எந்த நோட்டிலும் எழுதாத பெயர்.

1998. அபிஜான் துறைமுகத்தில் கொக்கோ மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற கப்பல். கபிரியேல் அதில் போசன். மேல்தளத்து வேலைக்காரர்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. கப்பலின் பின்பக்கம் சுக்கானுக்கு மேலே ஆள் ஒண்டுகிற அளவுக்கு ஒரு பொந்து இருக்கும். புறப்பட்ட மூன்றாம் நாள் உள்ளேயிருந்து இரும்பை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் ஒரு பையன். இருபத்திரண்டு வயது. அலை அடித்து அடித்துத் தோல் வெளுத்துப்போய், நிற்க முடியாமல் நின்றான். பெயர் கொஃபி. அம்மா துறைமுகச் சந்தையில் புகை போட்ட மீன் விற்கிறாள். ஐரோப்பாவுக்குப் போய் எந்த வேலை என்றாலும் செய்வானாம்.

ஒரு சாமான் அறையில் அவனைப் பூட்டிவைத்தார்கள். சாப்பாடு கொண்டுபோனவர் கபிரியேல். முதல் நாளே அந்தப் பையன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அந்த முடியைப் பார்த்தான். தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் கேட்டான்:

"நீ எங்கள் ஆள்தானே? எந்த நாடு?"

வாசலில் நின்ற மற்ற மாலுமிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏற்கெனவே அவரை 'ஆப்பிரிக்கா' என்று கேலி பேசுகிற கூட்டம் அது. பள்ளிக்கூடத்தில் பல்லை ஆட்டிய கோபம் அப்படியே மேலே வந்தது கபிரியேலுக்கு. "நான் இந்தியன். உன் ஆள் இல்லை" என்று கத்தினார். கத்தியது அந்தப் பையனுக்காக இல்லை. வாசலில் நின்றவர்கள் கேட்க வேண்டும் என்றுதான். பையன் தலையைக் குனிந்து சோற்றை அள்ளித் தின்றான்.

முந்தின பயணத்தில் இப்படி ஒளிந்து வந்த இருவரை ஐரோப்பாத் துறைமுகத்தில் இறக்கியதற்குக் கப்பலுக்கு அபராதம் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது என்று மேலேயிருந்து உத்தரவு. மறுநாள் காலை, கரை மங்கலாகத் தெரிகிற தூரத்தில் கேப்டன் கப்பலை மெதுவாக்கினார். நாலு காலி டிரம், ஆறு பலகை, கயிறு. போசன்தான் மிதவை கட்ட வேண்டும். கட்டுமரத்து ஊரில் பிறந்தவர், நன்றாகவே கட்டினார். உலகத்திலேயே அவிழாத கட்டு அது. தண்ணீர் இரண்டு பாட்டில், ஒரு பை பிஸ்கட், தன்னுடைய மிதவைச் சட்டை எல்லாம் வைத்தார். நீரோட்டம் கரையில் கொண்டு சேர்த்துவிடும் என்றார் கேப்டன். எல்லாரும் தலையாட்டினார்கள். கபிரியேல் தண்ணீரைப் பார்த்தார்.

பையன் அழவில்லை, திமிறவில்லை. ஏணியில் இறங்கி மிதவையில் உட்கார்ந்தான். மேலே பார்த்து, கபிரியேலைத் தேடிப் பிடித்துக் கேட்டான்: "கரை எந்தப் பக்கம்?"

கபிரியேல் வலது கையை நீட்டிக் காட்டினார்.

பையன் மிஞ்சிக் கிடந்த ஒரு பலகையை எடுத்து அந்தத் திசை நோக்கித் துழாவ ஆரம்பித்தான். கொஞ்ச தூரம் போனதும் சரியாகத்தான் போகிறேனா என்று திரும்பிப் பார்த்தான். கை நீண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். அப்போதும் நீண்டிருந்தது. ஆள் புள்ளியாகிற வரைக்கும் கபிரியேல் கையை இறக்கவே இல்லை. இறக்கினால் பையன் வழி தவறிவிடுவான் என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நினைத்தார். கப்பல் வேகம் எடுத்த பிறகு யாரோ வந்து தோளைத் தொட்டுக் கையைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

கப்பலின் குறிப்புப் புத்தகத்தில் அன்றைக்கு வானிலை மட்டும் எழுதப்பட்டது. கபிரியேல் அதற்குப் பிறகு இருபத்தொரு வருஷம் கப்பலில் வேலை பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வேலை போய்விடும் என்று பயம். பிறகு இத்தனை நாள் சொல்லாததே ஒரு பயமாகிவிட்டது. இந்தக் காரணத்தையெல்லாம் அவர் தனக்கே சொல்லிப் பார்த்து, தானே காறித் துப்பியிருக்கிறார்.

ஆறு வருஷம் கழித்து கானா நாட்டில் கப்பல் நின்றபோது, மாலுமிகள் சங்கத்து வேன் அவர்களை எல்மினா கோட்டைக்கு அழைத்துப் போனது. பறங்கியர் கட்டியது. உள்முற்றத்தில் அவர்கள் எழுப்பிய கோயில் கட்டடம் ஒன்று நிற்கிறது. கோயிலென்று கேட்டதும் கபிரியேல் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். வழிகாட்டி நிலவறைகளைக் காட்டினார். வெளிச்சமே இல்லாத அறைகளில் ஆண் தனி, பெண் தனி. கடைசியில் கடலைப் பார்த்து ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற வாசல். அதன் வழியே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை என்றார். இதே பறங்கியர் நம்ம ஊரிலும் கோட்டை கட்டியிருந்தார்கள், நம்மையும் ஞானஸ்நானம் கொடுத்து எழுதிக்கொண்டார்கள் என்பது கபிரியேலுக்கு அங்கே நின்றபோது உறைத்தது. அந்த வாசல் வழியே போனவனின் பெயரை யார் எந்த நோட்டில் வைத்திருந்தார்கள்? அன்றைக்கு வரமாட்டேன் என்று அழுதவனைக் கட்டி ஏற்றினார்கள். இன்றைக்கு நானும் வருகிறேன் என்று ஒளிந்து ஏறினவனை மிதவை கட்டி இறக்கினோம். காப்பிரியா வீட்டின் கதை உண்மையாக இருந்துவிட்டால்? அப்படியானால் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் பொய்.

ஊருக்கு வந்த பிறகும் அவன் விடவில்லை. பேயாக வந்தாலாவது மந்திரிக்கலாம். அவன் பட்டப்பகலில் வந்தான். ஆற்று வாயில் மீன்காரர்கள் மிதக்கவிடுகிற நீல டிரம்மைப் பார்த்தால் கபிரியேலுக்குக் கால் மண்ணில் ஊன்றிவிடும். அதன்மேல் யாரோ உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிற மாதிரியே இருக்கும். உயிரோடு கரை சேர்ந்திருப்பான், கலியாணம் பண்ணியிருப்பான் என்று சில நாள். மீன் தின்றிருக்கும் என்று சில நாள். இரண்டில் எது என்று தெரியாததால் எந்த நோட்டிலும் எழுத முடியவில்லை.

இந்த வருஷம் செப்டம்பரில் ஊரில் கால்பந்துப் போட்டி. வெளியூர் அணி ஒன்று கேரளத்திலிருந்து ஒரு ஆப்பிரிக்க ஆட்டக்காரரைக் கூட்டி வந்திருந்தது. கூட்டம் "காப்பிரி! காப்பிரி!" என்று கத்தியது. பிரியமாகத்தான் கத்தியது. பிரியமாகக் கத்தினாலும் அந்தச் சொல் அந்தச் சொல்தான். ஆட்டக்காரர் அர்த்தம் புரியாமல் கையசைத்துச் சிரித்தார். மத்தியானம் பந்தலில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கபிரியேல் எதிரே போய் உட்கார்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார்.

"அபிஜான்."

கபிரியேல் இன்னும் முன்னால் நகர்ந்தார். துறைமுகச் சந்தையில் மீன் விற்கிற அம்மாவின் மகன், கொஃபி என்று ஒருவரைத் தெரியுமா என்று கேட்டார். புன்னக்காயலில் ஒரு ஆளை விசாரிக்கிற மாதிரியே கேட்டார். ஆட்டக்காரர் சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பிறந்த கிழமையைப் பார்த்துப் பெயர் வைப்பார்கள், ஒரு கிழமையில் பிறந்த ஆண்பிள்ளை எல்லாம் கொஃபிதான், தெருவுக்குப் பத்துக் கொஃபி இருப்பான் என்றார். மீன் விற்கிற அம்மாக்களுக்கும் குறைச்சல் இல்லையாம். "உங்கள் நண்பரா?" என்று கேட்டார். கபிரியேல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இருபத்தைந்து வருஷமாகப் பத்திரப்படுத்திய பெயர், ஆளைத் தேடிப் பிடிக்க உதவாத பெயர். அன்றோடு அவருக்கு அலுத்துப்போயிற்று. இனி கரை சேர்ந்திருப்பான் என்று சொல்லித் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியாது. இறந்தவனாக எழுதி, ஒரு மெழுகுதிரி ஏற்றி, மண்டியிட்டு அழுதுவிட்டால் போதும் என்று தோன்றியது.

அக்டோபர் கடைசியில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். இஞ்ஞாசியம்மாள் எழுதி வைத்த தாளில் பதினோரு பெயர் இருந்தது. கபிரியேல் கடைசியில் பன்னிரண்டாவதாக ஒன்றை எழுதி மடித்து வைத்தார். அவள் கோயிலுக்குக் கிளம்புமுன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"இது யாரு, கொஃபி?"

"கப்பல்ல தெரிஞ்ச பையன்."

"கப்பல்ல தெரிஞ்சவன்னா அவன் ஊர்ல எழுதுவாவ. நம்ம வீட்டுப் பேர்ல ஏன் எழுதுதிய?"

அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இனி நகரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பொந்து, சோறு, வாசலில் சிரித்தவர்கள், நாலு டிரம், நீட்டிய கை. ஊர் சிரிக்கிற பழக்கத்துக்குக் காரணம் முப்பத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இஞ்ஞாசியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கடற்கரையில் பிறந்தவள் கேட்கிற கேள்வி.

"நீவாடு எந்தப் பக்கம் போச்சு?"

நீரோட்டத்தை அங்கே நீவாடு என்பார்கள்.

"வெளிய," என்றார் கபிரியேல்.

"கரைக்கு இல்ல."

"இல்ல. வெளிய இழுத்துது. நல்லா இழுத்துது."

"அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கையைக் காட்டுனிய."

அவர் தலையசைத்தார். அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. அவள் அழுதிருந்தால், அடித்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தொபியாஸ் போய் இரண்டு வருஷம் ஆகாத நேரம் அது, 1998. அவள் தாய் தினமும் காலையில் கரைக்குப் போய் நின்றுவிட்டு வந்துகொண்டிருந்த நேரம். அந்த வீட்டு மருமகன்தான் கடலில் ஒருவனை இறக்கினான். அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது சொல்லாமலே அவருக்குக் கேட்டது.

மூன்றாம் நாள் காலை அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அவன் அம்மைக்கு இப்ப எத்தனை வயசு இருக்கும்?"

"எழுபது, எழுபத்தஞ்சு."

"உயிரோட இருந்தா?"

"இருந்தா."

"எங்கம்மா உயிரோட இருந்தவரைக்கும் எம் தம்பி பேரை மாத்தவிடல. அவன் அம்மையும் விட்டிருக்கமாட்டா. அவ சொல்லாம நீங்க யாரு அவனைச் செத்தவன்னு எழுத?"

"இஞ்ஞாசி, என்னால முடியல. எழுதிட்டா ஒரு..."

"எழுதிட்டா ஒரு மெழுகுதிரியோட உங்களுக்கு முடிஞ்சிரும். அவளுக்கு முடியுமா? எனக்கு முடிஞ்சுதா?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அந்தப் பேரை அதுலேர்ந்து அடிச்சிட்டேன். மத்த நோட்டுல எழுதியிருக்கேன், தொபியாசுக்குக் கீழ. ஞாயித்துக்கிழமை வாசிப்பாவ. யாருன்னு கேப்பாவ. நான் வாயைத் தொறக்கமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

கல்லறைத் திருநாளன்று பதினோரு பெயர்தான் வாசித்தார்கள். கபிரியேல் கூட்டத்தில் நின்று பன்னிரண்டாவதுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். வரவில்லை. மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன, ஒன்றுகூட அவனுடையது இல்லை.

ஞாயிறு பூசையில் உபதேசியார் லிகோரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலில் இருப்பவர் நோட்டை விரித்தார். நாற்பதுக்கு மேல் பெயர்கள். "மச்சாது வீடு. தொபியாஸ்." ஒரு நிறுத்தம். லிகோரி எழுத்தைக் கூட்டிப் படித்தார். "கொஃபி."

இரண்டு மூன்று தலைகள் திரும்பின. பிறகு அடுத்த வீட்டுப் பெயர் வந்தது.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் வழக்கம்போலச் சனம் நின்று பேசிக்கொண்டிருந்தது. லிகோரி நல்ல மனுஷர், எல்லார் வீட்டு விசேஷமும் தெரிந்தாக வேண்டும் அவருக்கு. சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னவே கபிரியேல், புதுப் பேரு ஒண்ணு ஏறியிருக்கு? சொந்தக்காரப் பையனா? எந்தக் கப்பலுக்குப் போயிருக்கான்?"

கபிரியேல் இஞ்ஞாசியம்மாளைப் பார்த்தார். இரண்டடி தள்ளி நின்றாள். தலையில் போட்ட முக்காட்டை எடுக்கவில்லை, உதவிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் போய்விடவும் இல்லை.

"கப்பல்ல இல்ல வே," என்றார். "கப்பல்லேர்ந்து கடல்ல இறக்குனோம். நான்தான் இறக்குனேன்."

லிகோரி கேலி என்று நினைத்துச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரிக்கத் தயாரானார்கள். கபிரியேலின் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் அவருக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"அந்தப் பையன் எங்கிட்ட, நீ எங்க ஆளான்னு கேட்டான்," என்று ஆரம்பித்தார்.